ரப்பர் போட்ட கதவு

இந்தக் காலத்தில் ஒருத்தனுக்கும் கதவைச் சாத்தத் தெரியவில்லை என்பது கிழவரின் தீராத குறை. சாத்துவதென்றால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நிலையோடு சேர்கிற வரைக்கும் கதவோடு கூடவே போய்விட்டு வர வேண்டும். இவர்கள் என்ன செய்கிறார்கள்? பின்னால் கையை வீசிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போய்விடுகிறார்கள். கதவு அதுபாட்டுக்கு வந்து நிலையில் மோதுகிறது. மேல்வீட்டுக்காரன் காலையில் வேலைக்குக் கிளம்பினால் கட்டிடத்துக்கே தெரியும். கீழ்வீட்டு அம்மாளுக்கும் புருஷனுக்கும் பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பதைக் கதவை வைத்தே சொல்லிவிடலாம். "கதவு உங்களுக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று மாடிப்படியில் நின்று கேட்டால், "போல்ட்டுத் தாத்தா ஆரம்பிச்சுட்டாரு" என்று சிரித்துக்கொண்டே அடுத்த கதவையும் அறைந்துவிட்டுப் போவார்கள்.

போல்ட்டு என்பது அவர் வேலை பார்த்த பஸ் டிப்போவில் வைத்த பெயர். எந்த வண்டியில் சீட்டு ஆடினாலும், ஜன்னல் கடகடத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முறுக்கி, அடைத்து, சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் கீழே இறங்குவார். படிப்பு கையெழுத்துப் போடுகிற அளவுக்கு. மனுஷர்களை நம்புவது அதைவிடக் கொஞ்சம் கம்மி.

கதவு மேல் இத்தனை கண் விழுந்தது பேத்தியால்தான். மகனுடைய ஒரே பிள்ளை, ஏழு வயது. எங்கே போனாலும் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு சுவரோரமாகவே போவாள். அதனால் வீட்டில் அவளுக்குப் பெயர் எறும்பு. பேச்சு வராது. ஆனால் தொண்டைக்குள் எப்போதும் ஒரு முனகல் ஓடிக்கொண்டிருக்கும், வண்டி நின்ற இடத்தில் இன்ஜின் ஓடுகிற மாதிரி. எங்காவது ஒரு கதவு அறைந்தால் போதும். முனகல் நின்றுபோகும். அடுத்த நொடி நெற்றியைச் சுவரில் மோதுவாள், மணிக்கட்டைக் கடிப்பாள். பிடிக்கப் போனவர் கையும் சேர்த்துக் கடிபடும். அப்புறம் நாள் கணக்கில் சாப்பாடு இறங்காது.

டாக்டர் அதற்கு ஆட்டிசம் என்று ஒரு பேர் சொன்னார். "பேரு எவனுக்கு வேணும்? பிள்ளைக்குக் காது கொஞ்சம் கூர்மை, அவ்வளவுதான்" என்றார் கிழவர். மருமகள் சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவள், வாதாடுவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது. மகனோ நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். வீட்டுக்கு வருவதைவிட அவன் போன் வருவதுதான் அதிகம்.

கிழவர் டிப்போவுக்குப் போய், கழித்துப் போட்ட பஸ்களிலிருந்து ரப்பர் பீடிங்கை உருவிக்கொண்டு வந்தார். ஜன்னல் கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்குமே, அந்தக் கறுப்பு ரப்பர். வாசல் கதவு, அறைக் கதவு, அலமாரி, ஜன்னல் எல்லாவற்றின் நிலையிலும் அதைப் பதித்து ஒட்டினார், உள்ளே கதவு அறையாது, வெளியே அறைகிற சத்தமும் உள்ளே நுழையாது. நாற்காலிக் கால்களுக்கு டியூப் துண்டு மாட்டினார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி எவனுக்கோ கொடுத்தார். பிள்ளை படுக்கிற பக்கத்துச் சுவருக்குப் பஸ் சீட்டின் பஞ்சு. அழைப்பு மணியைப் பிடுங்கிவிட்டு, பழைய பஸ்ஸில் கண்டக்டர் இழுக்கிற கயிற்றை வாசலுக்கு வெளியே தொங்கவிட்டார். அதை இழுத்தால் உள்ளே நிலைக்கு மேலே ஒரு சிவப்புத் துணி ஆடும். அவ்வளவுதான், ஒரு சத்தமும் கிடையாது.

"வீடா இது, ஊமைப் பள்ளிக்கூடமா?" என்று கேலி செய்தான் ஒருமுறை வந்த மகன். ஆனால் அவனும் பார்த்தான். பிள்ளையின் நெற்றியிலிருந்த காயம் ஆறி, வெளுத்து, வெறும் தழும்பாகிவிட்டிருந்தது.

அப்படியே போயிருக்கலாம். ஒருநாள் மத்தியானம் கிழவர் குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தவரை, வேலை முடிந்து வந்த மருமகள்தான் பார்த்தாள். பக்கத்தில் ஈரத்தரையில் எறும்பு உட்கார்ந்திருந்தாள். காலையில் போட்டுவிட்ட சட்டை அப்படியே நனைந்து ஒட்டியிருந்தது. அவருடைய நீட்டிய கையோரமாக, தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும், பாட்டில் மூடிகளை வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தாள்.

அன்றைக்குத்தான் மருமகள் முடிவு செய்தாள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு சென்டர் இருந்தது. வேன் வந்து கூட்டிப்போகும். அதற்குப் பணம் கட்ட அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கும். அது கிடைத்தால் அவளும் அரை நாள் வேலைக்கு மாறிக்கொள்ளலாம். விண்ணப்பம் போட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்து, கேள்வி கேட்டு, பிள்ளைக்கு எவ்வளவு சிரமம் என்று புள்ளி போடுவார்கள் என்று பதில் வந்தது. குறிப்பிட்ட புள்ளிக்கு மேலே போனால்தான் தொகை.

கிழவருக்குப் புரிந்தது ஒன்றுதான். இன்ஸ்பெக்‌ஷன்.

டிப்போவில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் அவருக்குத் தெரியாததா? வருகிற ஆபீசர் ஜன்னலைத் தட்டிப் பார்ப்பான், சீட்டை ஆட்டிப் பார்ப்பான். எது ஆடினாலும் முறுக்கியவன் தலையில்தான் விடியும். ஆகவே வண்டியைக் கழுவி, எண்ணெய் போட்டு, கேட்டதற்கெல்லாம் "ஒண்ணும் பிரச்சினை இல்லை சார்" என்று சொல்லி அனுப்ப வேண்டும். வருகிற அன்றைக்குக் காலையிலேயே எழுந்து கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். மூடிகளைக் கழுவி வைத்தார். பிள்ளைக்குப் பிடித்த பழைய சட்டையையே போட்டுவிட்டார், கழுத்து லேபிளை வெட்டி எடுத்தது.

வந்தது ஒரு பெண் அதிகாரி. சிவப்புத் துணி ஆடியதும் கிழவரே போய்த் திறந்தார். அந்த அம்மாள் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். அதுவே அவருக்குச் சந்தேகம்.

"பாப்பா தன்னைத்தானே அடிச்சுக்குவாளா?"

மருமகள் வாயைத் திறப்பதற்குள் கிழவர் முந்திக்கொண்டார். "இல்லை."

"கடிச்சுக்கிறது?"

"அதெல்லாம் எப்பவோ. இப்ப இல்லை."

"தூக்கம்?"

"நல்லாத் தூங்குவா."

"மாமா, அவங்க என்கிட்ட கேக்குறாங்க" என்றாள் மருமகள்.

"யாரு சொன்னா என்னம்மா? எங்க வீட்டுல ஒரு குறையும் இல்லைங்க. பிள்ளை அவபாட்டுக்கு இருப்பா. நீங்களே பாருங்க."

அந்த அம்மாள் பார்த்தாள். பிள்ளை சுவரோரமாக வந்து தாத்தாவின் காலடியில் உட்கார்ந்து மூடிகளை அடுக்கினாள். அவர் உள்ளங்கையிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்றாள். முனகல் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி சிரித்தபடி எழுதிக்கொண்டு போனாள். இன்ஸ்பெக்‌ஷன் சுத்தமாக முடிந்தது என்று கிழவர் ஒரு டீயைக் கூடுதலாகக் குடித்தார்.

முடிவு மருமகளின் போனுக்கு வந்தது. அவள் சத்தமாகப் படித்தாள். "வீட்டுச் சூழலில் குழந்தை அமைதியாக இருக்கிறாள். குறிப்பிடும்படியான சிரமம் காணப்படவில்லை."

"நல்லாத்தானே எழுதியிருக்கா?" என்றார் கிழவர்.

"நல்லா எழுதியிருக்காங்க மாமா. ரொம்ப நல்லா." போனைக் கவிழ்த்து வைத்தாள். "தொகை கிடையாது. சென்டரும் இல்லை, வேனும் இல்லை. நாளைக்கு நீங்க மறுபடி விழுந்தா, நான் வர்ற வரைக்கும் அவ மூடி அடுக்கிட்டு உக்காந்திருப்பா."

கிழவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் வழக்கம் போல எதிராளியைத் திட்டினார். "கண்ணு தெரியாத ஆளை அனுப்பியிருக்கானுங்க."

"அவங்க கண்ணுக்கு நீங்க எதையும் காட்டலையே."

சில நாள் போயிற்று. பிறகு ஒரு சாயங்காலம், முன்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட இடத்தில் மருந்து தடவிக்கொண்டே அவள் சொன்னாள்.

"மறுபடி வந்து பார்க்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்கேன். வருவாங்க. அதுக்குள்ள அந்த ரப்பரைக் கழட்டிடுங்க."

"என்னது?"

"உங்களுக்குக் கேட்டுச்சு."

"நீ பெத்தவதானா?"

"பெத்தவதான். அதான் கேக்குறேன். மத்தவ யாராச்சும்னா கேப்பாளா?"

"பிள்ளையைக் கீறிக் காட்டினாத்தான் ரத்தம் வரும்னு நம்புவானுங்களா?"

"ஆமா மாமா. அப்படித்தான் நம்புவாங்க. நான் என்ன செய்ய?"

மகன் போனில் வந்தான். "அப்பா, அவ சொல்றதைக் கேளுங்கப்பா."

"நீ வந்து கழட்டுடா."

அந்தப் பக்கம் லாரிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "சிக்னல் இல்லைப்பா" என்று சிக்னல் நன்றாக இருக்கும்போதே வைத்துவிட்டான்.

கிழவர் ஒரு காரியம் செய்தார். ஒரு முழம் ரப்பரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு நேராக அந்த ஆபீசுக்கே போனார். கண்ணாடித் தடுப்பில் வாய்க்கு நேரே ஒரு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு குமாஸ்தா. ரப்பரை ஓட்டை வழியாக உள்ளே நீட்டினார்.

"என்ன ஐயா இது, பாம்பா?"

"பாம்பு இல்லை. இதை வீடு பூரா ஒட்டியிருக்கேன். இது இல்லைன்னா என் பேத்தி தலையை உடைச்சுக்குவா. அதை எழுதிக்குங்க."

குமாஸ்தா ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதை ஒட்டினா சரியாயிடுதா?"

"ஆயிடுது."

"அப்புறம் என்ன ஐயா? சந்தோஷமா இருங்க."

"வீட்டுக்கு ஒட்டலாம். தெருவுக்கு ஒட்டுவியா? ஆஸ்பத்திரிக்கு ஒட்டுவியா? நான் செத்துப்போனா எவன் வந்து ஒட்டுவான்?"

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை, கெட்டவனும் இல்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னான். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா சொன்னதை எழுத முடியாது. வீட்டுக்கு வர்றவங்க கண்ணால பார்த்ததைத்தான் எழுதணும். அவங்க வரும்போது காட்டுங்க."

காட்டுங்க. எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். வெளியே வரும்போது ஆபீசின் ஸ்பிரிங் கதவு அவர் முதுகுக்குப் பின்னால் அறைந்தது.

கழற்றுவதற்கும் அவரைத் தவிர ஆள் கிடையாது. ஒட்டியது அவர், எங்கே எவ்வளவு பசை என்று தெரிந்ததும் அவர்தான். மழுங்கிய கத்தியால் நெம்பி நெம்பி உரித்தார். எறும்பு பின்னாலேயே வந்தாள். உரித்துப் போட்ட கறுப்புத் துண்டுகளைப் பொறுக்கி, சுவரோரமாக நீளவாக்கில் அடுக்கினாள். ஏதோ தனக்காகச் செய்கிற விளையாட்டு என்று நினைத்தாளோ என்னவோ, முனகல் கொஞ்சம் துள்ளலாக இருந்தது.

"போ அந்தப் பக்கம். உனக்கு வேற வேலை இல்லையா?" என்றார். அவள் போகவில்லை. திட்டு என்பது அவளுக்குத் தெரியாத பாஷை.

அதிகாரி வருகிற வரைக்கும் கதவு எதுவும் அடித்துவிடாதபடி ஒவ்வொன்றுக்கும் துணியை மடித்துச் செருகி வைத்தார். அன்று காலை சிவப்புத் துணி ஆடியதும் மருமகள் ஒவ்வொரு துணியாக உருவிக்கொண்டு போனாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அதே அம்மாள்தான். போன தடவையைவிடக் களைத்திருந்தாள். இந்தத் தடவை கிழவர் வாயைத் திறக்கவில்லை. மருமகள் எல்லாவற்றையும் சொன்னாள். நெற்றி, மணிக்கட்டு, குளியலறை, ரப்பர். அதிகாரி தலையசைத்தாள்.

"போன தடவை ஐயா வேற மாதிரி சொன்னாங்களே."

"அவர் வெளியாள்கிட்ட குறை சொல்ல மாட்டார்."

"ம்ம். நான் கொஞ்ச நேரம் பாப்பாவைப் பார்த்துட்டு இருக்கேன்."

பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வாசல் கதவுக்கு அருகில், தாத்தாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு பொட்டுக் காற்றில்லை. ஜன்னல் திறந்தே கிடந்தும் ஒரு திரை அசையவில்லை. கிழவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வருஷம் முழுக்கக் கதவை அறைந்தே பிழைக்கிற மேல்வீட்டுக்காரனுக்கு அன்றைக்கு என்ன கேடு வந்ததோ, ஆளே இல்லை. கீழ்வீட்டு அம்மாள் புருஷனோடு சமாதானமாகியிருக்க வேண்டும். அறைய வேண்டிய நேரத்தில் ஒரு பயல் அறையவில்லை.

முனகல் சீராக ஓடியது. சிவப்பு மூடி, நீல மூடி, சிவப்பு மூடி.

அதிகாரி பேனாவை மூடினாள். பையை எடுத்தாள். "சரிம்மா. நான் பார்த்ததை எழுதுறேன்" என்றாள். அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. மருமகள் சமையலறை வாசலில் நின்றபடி கிழவரைப் பார்த்தாள். கேட்கவில்லை, கெஞ்சவில்லை. வெறுமனே பார்த்தாள். அந்தப் பார்வையில் ஈரத்தரை இருந்தது, வேன் இருந்தது, அவருக்குப் பிறகு வரப்போகிற வருஷங்கள் இருந்தன.

கிழவர் எழுந்தார். பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தாத்தா எழுந்தால் தண்ணீர் குடிக்கத்தான் எழுவார், அல்லது வெற்று வாசலைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார. வாசல் கதவு முழுக்கத் திறந்திருந்தது. கைப்பிடியைப் பிடித்தார். நிலை வரைக்கும் கூடப் போய்விட்டு வருகிற கைதான்.

முழு பலத்தையும் போட்டு அறைந்தார்.

நிலை அதிர்ந்து சுவர்க் காரை உதிர்ந்தது. முனகல் நின்றது. மூடிகள் நாலாபக்கமும் உருண்டன. பிள்ளையின் நெற்றி சுவரில் மோதிய சத்தம் கதவுச் சத்தத்தைவிடச் சின்னதுதான், ஆனால் அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. மருமகள் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். கடிபட்டாள். பழைய தழும்பு வாய் பிளந்து, ரத்தம் கண்ணோரமாக இறங்கியது. பிள்ளையின் தொண்டையிலிருந்து வந்தது அழுகையும் இல்லை, கத்தலும் இல்லை. பிரேக் பிடிக்காத வண்டி இரும்பில் உரசிக்கொண்டு போகிற சத்தம்.

அதிகாரி பையை வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டிருந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கைப்பிடியைப் பார்த்தாள். கிழவரின் கை இன்னும் அதன் மேலேயே இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. பிறகு தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினாள்.

கிளம்பும்போது, "போதும் ஐயா, இனி வேண்டாம்" என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். வெளியே போய், கைப்பிடியைப் பிடித்தபடி, நிலையோடு சேர்கிற வரைக்கும் கதவோடு கூடவே வந்து, பூட்டு நாக்கைக்கூட விரலால் அழுத்தி, சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

தொகை வந்தது. வேனும் வந்தது. எறும்பு அதில் ஏறக் கொஞ்ச காலம் பிடித்தது, பிறகு ஜன்னலோரத்தில் கையை வைத்துக்கொண்டு போகப் பழகிவிட்டாள். மருமகள் அரை நாள் வேலைக்கு மாறினாள். மத்தியானத்தில் அவள் தூங்கி எழுந்த முகத்தைக் கிழவர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். எல்லாம் சொன்னபடிதான் நடந்தது. அதில் பொய்யில்லை.

ரப்பரை மறுநாளே திரும்ப ஒட்டிவிட்டார். அதே நிலை, அதே பசை, முன்னைவிட நெருக்கமாக. ஆனால் பிள்ளை சுவரோரமாக வரும்போது, அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்குக் கொஞ்சம் முன்னாலேயே சுவரிலிருந்து கையை எடுத்துவிடுவாள். அறையின் நடுவாக, பிடிமானம் இல்லாமல், தட்டுத்தடுமாறி அவரைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்துச் சுவரைப் பிடிப்பாள். மூடிகளின் வரிசையும் அப்படியே வளைந்துவிட்டது. பிஸ்கட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினால் பார்ப்பதில்லை. அவர் எழுந்தால் போதும், முனகல் நின்று, இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள்.

ஒரு சாயங்காலம் அவர் கதவுக்கு முன்னால் நின்று திறந்து சாத்தினார். மறுபடி திறந்து சாத்தினார். ரப்பரில் கதவு பதிகிற சத்தம்கூட வரவில்லை. "பாரு. ஒண்ணும் இல்லை, பாரு" என்று சொல்லிக்கொண்டே சாத்தினார். பிள்ளை எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காதைப் பொத்திய கையை எடுக்கவில்லை.

"விடுங்க மாமா. போகப்போக மறந்துடுவா" என்றாள் மருமகள்.

"அவளா? எந்த மூடி எங்க இருந்துச்சுன்னு மறக்காதவ."

"நாம செஞ்சது அவ நல்லதுக்குத்தானே?"

"ம்."

"வேற வழி இருந்துச்சா, நீங்களே சொல்லுங்க."

"இல்லைதான்."

"அப்புறம் என்ன?"

கிழவர் செருப்பை மாட்டினார். மாட்டும்போது அது தரையில் தட்டியதற்கே பிள்ளையின் தோள் குலுங்கியது. அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பாவம் அந்த அதிகாரியம்மாகூடச் சொன்னாங்க, உங்க மேல தப்பில்லைன்னு" என்றாள் மருமகள். அந்த அம்மாள் அப்படிச் சொன்னதாக அவருக்கு ஞாபகம் இல்லை. மருமகளே சேர்த்துச் சொல்கிறாள் என்று தோன்றியது. நல்ல மனசுக்காரி, சொல்லிவிட்டுப் போகட்டும்.

"ஆபீசர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார், அவர் வாழ்நாளில் அப்படிச் சொன்னதே இல்லை.

வாசலைத் தாண்டி வெளியே வந்தார். கதவை அவர் சாத்தவில்லை. மருமகளே சாத்திக்கொள்ளட்டும் என்று வெறுங்காலோடு படியிறங்கினார். திருப்பத்தில் ஒரு நிமிஷம் நின்று காது கொடுத்தார். மேலே கதவு சாத்தியாகிவிட்டதா இல்லையா என்று தெரியவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. உள்ளே முனகல் திரும்ப ஆரம்பித்திருக்கும் என்று மருமகள் சொல்வாள், அவர் வெளியே போனதுமே ஆரம்பித்துவிடுமாம். ரப்பர் அதையும் வெளியே விடாது. கிழவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.